நிற்கிற வண்டிக்குச் சான்று, ஓடுகிற வண்டிக்குப் புகை

(சீவலப்பேரியில் நூலக வாசகர்கள் ஏற்பாடு செய்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்தியவர், "சார் இன்னைக்கு டெல்லிப் புகையைப் பத்திப் பேசுவாங்க" என்றார். டெல்லியும் வரும். ஆனால் டெல்லிக்காக உங்களை இந்தப் புழுக்கத்தில் உட்கார வைக்க மாட்டேன். பேச்சு நம்ம ஊர்க் காற்றைப் பற்றித்தான்.

அதைத் தொட்டாலே முதலில் ஒரு பெருமை குறுக்கே வந்து நிற்கிறது. 2025 ஜனவரியில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி இந்தியாவிலேயே சுத்தமான காற்றுள்ள நகரம் திருநெல்வேலி என்று பத்திரிகைகள் எழுதின. காற்றுத் தரக் குறியீடு 33. ஐம்பதுக்குள் இருந்தால் நல்ல காற்று என்பது வாரியத்தின் கணக்கு. அன்று அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பாத நெல்லைக்காரர் உண்டா? எனக்கே துபாயிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தது. அல்வாவுக்கு அடுத்தபடியாக ஒரு பெருமை கிடைத்துவிட்டது.

சந்தோஷம்தான். ஆனால் அந்தப் பெருமையில் நம்முடைய பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று கயத்தாறுப் பக்கம் அத்தனை காற்றாடிகளையும் சுற்றிவிட்டு, நம்ம புகையையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கழுவிவிடுகிறது. மலையும் கணவாயும் நாம் கட்டியவை அல்ல. டெல்லிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குளிர்காலத்தில் அங்கே காற்று அசையாமல் கிடக்கும். நம்ம லாரி டெல்லியில் விடுகிற புகையும் நெல்லை வண்ணாரப்பேட்டையில் விடுகிற புகையும் ஒன்றுதான். இங்கே காற்று அடித்துக்கொண்டு போகிறது, அங்கே போக வழியில்லை.

இன்னொன்று. 33 என்பது ஒரு நிலையத்துக் கருவி ஒரு நாள் முழுக்க அளந்ததன் சராசரி. வண்ணாரப்பேட்டை சிக்னலில் ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நிற்கிற நாலு வயதுப் பிள்ளையின் மூக்கு, பக்கத்து ஷேர் ஆட்டோவின் சைலன்சரிலிருந்து இரண்டடி தூரத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்குச் சராசரி எதற்கு?

பக்கத்தில் பாருங்கள். 2019இல் மத்திய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தை அறிவித்தபோது, காற்றின் தரம் வரம்புக்குள் வராத நகரங்கள் என்று 102 ஊர்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்ற ஊர் தூத்துக்குடி. சென்னை இல்லை, தூத்துக்குடி. 1986 வரை நமக்கும் அவர்களுக்கும் ஒரே மாவட்டம். இன்றும் ஒரே ஆறு. ஒரு பக்கம் நாட்டிலேயே நல்ல காற்று, அம்பது கிலோமீட்டர் தள்ளினால் கெட்ட காற்றுப் பட்டியல். அங்கே அனல் மின் நிலையம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, தொழிற்சாலை இருக்கிறது, இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகளும் ஓடுகின்றன. இதில் யாருடைய புகை எவ்வளவு? நகரத்தின் நடுவே மாட்டிய கருவி அதைச் சொல்லாது.

இதை உங்களுக்குப் புரிய வைக்க நான் வெளியூர் போக வேண்டியதில்லை. நீங்கள் சிற்றாறும் தாமிரபரணியும் கூடுகிற ஊர்க்காரர்கள். முக்கூடற்பள்ளு பாடிய மண். இங்கிருந்து எடுக்கிற தண்ணீரைக் கோவில்பட்டி வரைக்கும் குழாயில் கொண்டுபோய்க் குடிக்கிறார்கள். கூடின இடத்துக்குக் கீழே ஒரு பாட்டில் தண்ணீர் மொண்டு சோதித்தால் அழுக்கு இவ்வளவு என்று தெரியும். எந்த ஆறு கொண்டுவந்தது என்று தெரியாது. அது தெரிய வேண்டுமானால், கூடுவதற்கு முன்னால் இந்தக் கரையில் ஒரு பாட்டில், அந்தக் கரையில் ஒரு பாட்டில் எடுக்க வேண்டும். நகரத்துக் காற்று நிலையம் கூடின தண்ணீரை அளக்கிறது. வண்டிப் புகையைச் சைலன்சரிலேயே பிடிப்பது, கூடுமுன் அளப்பது. இரண்டும் வேண்டும்தான். ஆனால் ஸ்மார்ட் சிட்டி என்றதும் நம்ம ஊர்களில் முதலாவதைத்தான் நிறைய வாங்குகிறார்கள். கம்பத்தில் ஒரு பெட்டி, கட்டுப்பாட்டு அறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. 2017இல் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் அந்தத் திட்டத்துக்குள் ஒன்றாகத்தான் வந்தன. திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் தெரியும். எந்த வண்டியை நிறுத்துவது என்பது மட்டும் தெரியாது.

கூடுமுன் அளக்க நமக்கு ஒரு ஏற்பாடு ஏற்கனவே இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. புகை சர்டிபிகேட். 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115ஆவது விதி. வண்டி வாங்கி ஒரு வருஷம் கழிந்ததும் எடுக்க வேண்டும். பி.எஸ். 4 என்பது பாரத் ஸ்டேஜ் என்ற புகை வரம்பின் நாலாம் கட்டம்; அதற்கு முந்திய வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதற்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் வருஷம் ஒரு தடவை. இல்லாமல் பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம். பல பேருக்கு வண்டியே அவ்வளவு விலைதான் பெறும்.

அந்தச் சோதனை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் பாடம் நடத்திய ஆள் நான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் வண்டி என்றால் இஞ்சினை நன்றாகச் சூடேற்றிவிட்டு, ஐடிலில் ஓடவிட்டு, சைலன்சருக்குள் ஒரு உலோகக் குழாயை நுழைக்க வேண்டும். குழாய் உள்ளே ஆழமாகப் போக வேண்டும். வாயிலேயே வைத்தால் வெளிக்காற்று கலந்து அளவு குறைவாகக் காட்டும். பெட்டிக்குள் அகச்சிவப்பு ஒளி அந்தப் புகையின் ஊடே பாய்கிறது. கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, எரியாத ஹைட்ரோகார்பன் எவ்வளவு என்று சொல்லிவிடும். 2000க்குப் பிந்திய, பி.எஸ். 6க்கு முந்திய ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குக்கு மோனாக்சைடு 3.5 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 4500 பி.பி.எம்.முக்குள் இருக்க வேண்டும். பி.எஸ். 4 காருக்கு 0.3 சதவீதமும் 200 பி.பி.எம்.மும். டீசல் வண்டிக்குச் சோதனை வேறு. ஆக்சிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்து விட்டு, வருகிற புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பார்கள்.

இனி நடப்பதைச் சொல்கிறேன். ஒரு தடவை என் ஸ்கூட்டரைக் கொண்டுபோனேன். எந்த இடம் என்பது வேண்டாம். ரோட்டோரம் ஒரு பழைய ஆம்னி வேன், பின்கதவு திறந்து கிடக்கிறது, உள்ளே லேப்டாப்பும் பிரிண்டரும். பையன் வண்டியை ஒரு போட்டோ எடுத்தான். குழாய் வேனுக்குள் ஆணியில் சுருட்டித் தொங்குகிறது, அதன் நுனியில் தூசி. "தம்பி, அதை விட்டுப் பார்க்க வேண்டாமா?" என்றேன். "சார் வண்டி நல்லா இருக்கே, சத்தத்துலயே தெரியுது" என்றான். மெக்கானிக் பையன் போலிருக்கிறது, காது நல்ல காதுதான். ஆனால் சர்டிபிகேட்டில் மோனாக்சைடு அளவு தசமப் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம் வரைக்கும் இருந்தது! அவனைத் திட்டத் தோன்றவில்லை. ஒரு வண்டிக்கு அவனுக்குக் கிடைக்கிற கூலியில் இஞ்சினைச் சூடேற்றக் கால் மணி நேரம் காத்திருக்க முடியுமா?

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டுமல்ல. டெல்லி வண்டிப் புகையைப் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அளவு வரம்பைத் தாண்டியிருந்தும் பாஸ் ஆன வண்டிகள் 1.08 லட்சத்துக்கும் மேல். ஒரே மையத்தில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் சோதித்ததாகப் பதிவு 7,643. சோதித்துச் சான்றும் கொடுக்க ஒரே ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டது 76,865 தடவை. கவனியுங்கள், இதைக் கண்டுபிடித்தவர்கள் எந்தச் சைலன்சருக்கும் பக்கத்தில் போகவில்லை. கம்ப்யூட்டரில் கிடந்த நேரக் குறிப்புகளைத்தான் படித்தார்கள். ஸ்மார்ட் தொழில்நுட்பம் என்று எதையாவது நான் மெச்சுவதாக இருந்தால் முதலில் இதை மெச்சுவேன். சென்சார் வேண்டாம், லேசர் வேண்டாம். இருக்கிற கணக்கை ஒழுங்காகப் பார்த்தாலே பாதிப் பொய் வெளியே வந்துவிடும்.

தமிழ்நாட்டில் 2024இல் போக்குவரத்துத் துறை ஒரு செயலியைக் கட்டாயமாக்கியது. மையத்துக்காரர் தன் செல்போனில்தான் வண்டியைப் படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். அந்தப் போன் மையத்தை ஒட்டிய குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால்தான் செயலி வேலை செய்யும். அதாவது வண்டி சங்கரன்கோவிலில் நிற்க, சர்டிபிகேட் பாளையங்கோட்டையில் அச்சாகும் அதிசயம் இனி நடக்காது. நல்ல காரியம். ஆனால் வண்டி வந்தது என்பதற்குத்தான் இது சாட்சி. குழாய் உள்ளே போனதா, எவ்வளவு நேரம் இருந்தது, இஞ்சின் சூடாக இருந்ததா என்பதற்கு இன்னும் சாட்சி வேண்டும்.

சரி, எல்லாரும் நேர்மையாகவே சோதிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு ஓட்டை இருக்கிறது, அது பையனின் ஓட்டை அல்ல, சோதனையின் ஓட்டை. பெட்ரோல் சோதனையில் நைட்ரஜன் ஆக்சைடு அளக்கப்படுவதே இல்லை. டீசல் சோதனை கண்ணுக்குத் தெரிகிற கரும்புகைக்காக வந்த சோதனை. 2020 ஏப்ரலிலிருந்து வருகிற பி.எஸ். 6 டீசல் வண்டியில் புகைத் துகளைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது. அது விரிசல் விட்டால்கூட, அந்தப் பழைய மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் காட்டும். அவ்வளவு நுண்ணிய துகள், வெளிச்சத்தை மறைக்காது. இதைப் புரிந்துகொண்டுதான் பெல்ஜியம் 2022இலும், நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2023இலும், வடிகட்டி உள்ள டீசல் கார்களுக்குத் துகள்களின் எண்ணிக்கையையே எண்ணுகிற கருவியைக் கொண்டுவந்தன. நம்மிடம் வண்டி பி.எஸ். 6, மீட்டர் பழசு.

இன்னும் பெரிய ஓட்டை, நிற்கிற வண்டி வேறு, ஓடுகிற வண்டி வேறு என்பது. இதற்கு உலகமே கேட்ட ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்ன ஆய்வுக் குழு. அதில் ஒருவர் பெயர் அரவிந்த் திருவேங்கடம். இன்னொருவர் ஹேமந்த் கப்பன்னா. பெயரைக் கேட்டாலே தென்னாட்டுப் பிள்ளைகள் என்று தெரிகிறது. 2013இல் டீசல் கார்கள் ரோட்டில் ஓடும்போது என்ன விடுகின்றன என்று அளக்கப் புறப்பட்டார்கள். காரின் பின்பக்கத்தில் அளவுக் கருவி, அதற்குக் கரண்ட் கொடுக்க ஒரு ஜெனரேட்டர், சைலன்சரிலிருந்து உள்ளே வருகிற குழாய்கள். இப்படிக் கட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சியாட்டில் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். ஃபோக்ஸ்வேகன் ஜெட்டா ரோட்டில் விட்ட நைட்ரஜன் ஆக்சைடு, சட்ட வரம்பைப் போல 15இலிருந்து 35 மடங்கு. அதே கார் ஆய்வகத்தில் உருளை மேல் ஓடியபோது நல்ல பிள்ளை. முதலில் தங்கள் கருவியில்தான் கோளாறு என்று நினைத்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, சோதனைக்கு நிற்கிறோம் என்று காருக்கே தெரிந்திருக்கிறது. ஸ்டியரிங் அசையவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது என்றால் சோதனை நடக்கிறது என்று மென்பொருள் புரிந்துகொண்டு ஒழுக்கமாக நடந்திருக்கிறது. 2015 செப்டம்பர் 18இல் அமெரிக்க அரசு அறிவித்தது. உலகம் முழுக்க 1.1 கோடி வண்டிகளில் அந்த மென்பொருள். இந்தியாவிலும் 3,23,700 வண்டிகளைத் திருப்பி அழைப்பதாக நிறுவனம் சொன்னது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. அந்த மே மாதமே உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு தொடர்பான நடவடிக்கைக்குத் தடை கொடுத்தது.

ஆம்னி வேன் பையனையும் இந்தக் கம்பெனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புத்திசாலித்தனம் என்றால் இரண்டும் புத்திசாலித்தனம்தான். ஒன்று ஒரு நாளைக்குச் சில நூறு ரூபாய்க்கு, மற்றது கம்பெனி லாபத்துக்கு. பையன் மேல் வருகிற கோபத்தில் பாதி அளவாவது நாம் கம்பெனி மேல் காட்டியிருக்கிறோமா? அந்த அமளிக்குப் பிறகுதான் ரோட்டில் ஓட்டி அளக்கிற சோதனை சட்டமாக வந்தது. நம் நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து புதிய பி.எஸ். 6 கார்களுக்கு உண்டு. அது புது மாடலுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டிய கணக்கு. வாங்கி ஐந்து வருஷம் ஓடிய வண்டியைப் பிடிக்க வேறு வழி வேண்டும்.

அந்த வழியும் இருக்கிறது, பழசும்கூட. 1980களின் கடைசியில் டென்வர் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஸ்டெட்மன் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கியது. ரோட்டின் ஒரு பக்கம் ஒரு பெட்டி, குறுக்கே ஒரு ஒளிக்கற்றை, கண்ணுக்குத் தெரியாது. அகச்சிவப்பும் புறஊதாவும். வண்டி அதைக் கடந்து போனதும், அரை நொடிக்குள் பின்னால் கிடக்கிற புகையின் ஊடே ஒளி பாய்ந்து வருகிறது. காற்று அடித்தால் புகை கலைந்துவிடுமே என்பீர்கள். கெட்டிக்காரத்தனம் அங்கேதான் இருக்கிறது. இத்தனை கிராம் என்று அவர் அளக்கவில்லை. மோனாக்சைடுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் என்ன விகிதம், நைட்ரஜன் ஆக்சைடுக்கும் அதற்கும் என்ன விகிதம் என்றுதான் அளந்தார். புகை எவ்வளவு கலைந்தாலும் விகிதம் மாறாது. கூடவே ஒரு கருவி வேகத்தையும் வண்டி எவ்வளவு உந்திப் போகிறது என்பதையும் அளக்கும், ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். வண்டி நிற்க வேண்டாம், டிரைவருக்குத் தெரியக்கூட வேண்டாம். அவர் கண்ட முக்கியமான விஷயம் இது: ரோட்டில் வருகிற கார்பன் மோனாக்சைடில் பாதி, பத்தில் ஒரு பங்கு வண்டிகளிலிருந்து வருகிறது. அப்படியானால் பத்து பேரையும் வரிசையில் நிற்க வைத்து வேனில் சர்டிபிகேட் வாங்க வைப்பதைவிட, அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பது மேல் இல்லையா?

நம் நாட்டில் கொல்கத்தாவில் இந்தக் கருவி பல வருஷமாகப் பயன்பட்டிருக்கிறது. பெரிய அளவில் டெல்லியிலும் குருகிராமிலும் நடந்தது. 2022 டிசம்பரிலிருந்து 2023 ஏப்ரல் வரை 20 இடங்களில் ஒரு லட்சத்துப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அளவுகள் எடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பி.எஸ். 6 வந்ததில் உண்மையாகவே பலன் இருக்கிறது என்று அது காட்டியது, நல்ல செய்தி. கூடவே ஒரு கசப்பு. சுத்தமான எரிபொருள் என்று நாம் நம்பிய சி.என்.ஜி.யில் ஓடுகிற சரக்கு வண்டிகள் சில, ஆய்வக வரம்பைப் போல 14 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடு விட்டன. டாக்சிகள் 4 மடங்கு வரை. புகை சர்டிபிகேட் இதைச் சொல்லியிருக்காது. அது அந்த வாயுவை அளப்பதே இல்லை என்று சற்று முன் சொன்னேனே.

இந்தக் கருவியை வாங்கி வைத்தால் போதுமா? இங்கேதான் ஹாங்காங் செய்ததைச் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே டாக்சிகளும் சிறு பஸ்களும் கேஸில் ஓடுகின்றன. புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பல வண்டிகளில் தேய்ந்துபோயிருந்தது. புதிது விலை அதிகம், அதனால் மாற்றுவதில்லை. அரசாங்கம் முதலில் தன் செலவில் ஆயிரக்கணக்கான டாக்சிகளுக்கும் சிறு பஸ்களுக்கும் அதை மாற்றிக் கொடுத்தது. அதற்கப்புறம்தான், 2014 செப்டம்பர் 1 முதல், ரோட்டோரம் ஒளிக்கற்றையை வைத்தது. மாட்டினால் 12 வேலை நாளைக்குள் சரிசெய்து உருளைச் சோதனையில் பாஸ் ஆக வேண்டும், இல்லையென்றால் லைசென்ஸ் ரத்து. அபராதம் அல்ல, சரி செய் என்பது. வரிசையைப் பாருங்கள்: முதலில் கை கொடுத்தார்கள், பிறகு கண் வைத்தார்கள். நம் ஊரில் முதலில் கேமரா வரும், கூடவே சலான் வரும், கை எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். 2025 ஜூலை 1 முதல் பெட்ரோல் பங்குகளில் நம்பர் பிளேட் படிக்கிற கேமரா. பத்து வருஷம் தாண்டிய டீசல், பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கு எண்ணெய் கிடையாது என்றார்கள். மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள். ஜனங்கள் கொதித்துவிட்டார்கள், கொதிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தக் கேமரா புகையைப் பார்க்கவில்லை. வயசைப் பார்த்தது. நன்றாகப் பராமரித்த பழைய கார் நிற்கிறது, யூரியா டேங்கை ஏமாற்றுகிற பெட்டி மாட்டிய புது லாரி பக்கத்தில் எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறது. அந்தப் பெட்டி என்ன என்று கேட்கிறீர்களா? புது லாரிகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க, தண்ணீர் இருக்கிறது என்று இஞ்சின் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிற சின்னப் பெட்டி. ஐரோப்பாவில் போலீஸ் இதைத் தேடிப் பிடிக்கிறது. வயசுக் கணக்கில் இது பிடிபடவே படாது. ரோட்டோரக் கற்றையில் பிடிபடும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். நம்ம வட்டாரத்தில் கருவி வைக்க வேண்டிய இடத்தை நான் சொல்கிறேன். நெல்லை ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் வேண்டாம். அங்கே பைக்கும் ஆட்டோவும் பஸ்சும் ஒன்றோடொன்று உரசிப் போகின்றன, எந்தப் புகை யாருடையது என்று கருவிக்கே குழப்பம் வரும். வண்டிகள் ஒற்றை வரிசையாக, லேசாக வேகம் எடுத்துப் போகிற இடம் வேண்டும். அப்படி ஒரு இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: கயத்தாறு சாலைப்புதூர் சுங்கச்சாவடி. கட்டணம் கழிந்து கேட் திறந்ததும் ஒவ்வொரு லாரியும் முதல் கியரில் முக்கிக்கொண்டு கிளம்புகிறதே, அந்த இருபது மீட்டர். தெற்கே நாங்குநேரியிலும் இப்படித்தான். மேற்கே புளியரை சோதனைச்சாவடி, கேரளாவுக்குக் கல்லும் எம்.சாண்டும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற டிப்பர்களுக்கு. இந்த மூன்று இடத்திலும் ஒரு நாள் நின்று பார்த்தால் தெரியும், நம்ம வட்டாரத்துப் புகையில் எத்தனை பங்கு பைக்குக்காரனுடையது, எத்தனை பங்கு டிப்பருடையது என்று.

ஒரே ஒரு அளவை வைத்து யாரையும் தண்டிக்கக் கூடாது. மேட்டில் முக்குகிற நேரத்தில் நல்ல வண்டியும் ஒரு கணம் புகைக்கும். இரண்டு தடவை வெவ்வேறு நாளில் மாட்டினால் கூப்பிட வேண்டும். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் நூறு வண்டி மாட்டினால், நூறு சொந்தக்காரர்களைக் கூப்பிடக் கூடாது. கம்பெனியைக் கூப்பிட வேண்டும். அளவுகளை ஊர் பார்க்கும்படி வெளியிட வேண்டும். டவுன் பஸ் என்றால் போக்குவரத்துக் கழகம்தான் பதில் சொல்ல வேண்டும், டிரைவர் அல்ல. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகக் காலத்திலிருந்து பஸ்சை ஓட்டுகிறவரிடம்தான் எல்லாரும் கத்துகிறோம், டெப்போவில் நாசில் மாற்ற ஸ்பேர் வராதது அவர் குற்றமா? அதோடு ஒன்று சொல்லிவிடுகிறேன்: புகைக்கிற பஸ்சைப் பார்த்துக் கோபப்படலாம், ஆனால் அறுபது பேர் ஏறின பஸ், அவர்கள் ஆளுக்கொரு பைக்கில் போவதைவிடக் காற்றுக்கு நல்லது. பஸ்சைச் சரிசெய்யச் சொல்லுங்கள், நிறுத்தச் சொல்லாதீர்கள்.

கூடின தண்ணீரை அளப்பதற்கும் கம்பத்துப் பெட்டியைவிட நல்ல வழி உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ரகுநாதன் ரங்கசாமி குழு 'காற்று' என்ற பெயரில் ஒரு வேலை செய்திருக்கிறது. விலை மலிவான சென்சார்களை வண்டிகளின் மேலேயே மாட்டி, அந்த வண்டி போகிற தெருக்களெல்லாம் காற்று எப்படி என்று படம் வரைகிறது. கம்பத்துப் பெட்டி ஒரு இடத்தைத்தான் சொல்லும். இது தெருத் தெருவாகச் சொல்லும். பாளையங்கோட்டையிலிருந்து இங்கே வருகிற பஸ்சில் இப்படி ஒன்றை மாட்டினால், இந்த ரோட்டில் எந்த மணிக்கு, எந்தத் திருப்பத்தில் காற்று கெடுகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மண் லாரி ஓடுகிற நேரமும் அதுவும் ஒத்துவருகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கிராம சபையில் பேச அது போதும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. "புகை ஜாஸ்தி" என்று சொன்னால் மினிட்ஸில் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள், எண்ணோடு சொன்னால் பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

இதோடு என் பேச்சு முடிந்தது. கேள்வி நேரத்தில் லோடு ஆட்டோ ஓட்டுகிற ஒருவர் எழுந்து, "அண்ணாச்சி, கம்பெனி, டிப்பர் எல்லாம் சரி. எம் வண்டி புகைக்குன்னா நான் என்ன செய்ய? மெக்கானிக்கு இஞ்சின இறக்கணும்ங்கான்" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையும் இங்கே எழுதிவிடுகிறேன், பலருக்கும் பயன்படும்.

இஞ்சினை இறக்குமுன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம்ம ஊர்ப் புழுதியில் பாதி நேரம் அதுதான் அடைத்திருக்கும். புகை கறுப்பா, நீலமா, வெள்ளையா என்று பாருங்கள். கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம்: ஃபில்டர், நாசில், பம்ப் டைமிங். நீலம் என்றால் இஞ்சின் ஆயில் எரிகிறது, அப்போதுதான் மெக்கானிக் சொல்வது சரி. காலையில் கிளப்பினதும் கொஞ்சம் வெள்ளை என்றால் பயப்பட வேண்டாம். சூடான பிறகும் வந்தால் காட்டுங்கள். அதன் பிறகு புகை சர்டிபிகேட் எடுங்கள், குழாய் சைலன்சருக்குள் போகிறதா என்று நின்று பாருங்கள். வீட்டுக்கு வந்து பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரையும் சேஸிஸ் நம்பரின் கடைசி ஐந்து எழுத்தையும் போட்டால் உங்கள் சான்று வரும். தேதியும் அளவும் அதில் இருக்கும். நீங்கள் அந்தப் பக்கமே போகாத நாளின் தேதி இருந்தால், அல்லது வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் அளவு வந்திருந்தால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஒரு மனுவும் போடுங்கள்.